முன்னங்கால் முறிவும் மிருக வைத்தியக் கல்வியும்

வைத்திய வரலாற்றினை எழுதுவோர் புதிய மருந்து கண்டறியப்பட்ட நாளையும் புதிய கருவி ஆக்கப்பட்ட நாளையும் எல்லைக்கற்களாக நாட்டிச் செல்வது வழக்கம். அக்கருவியைப் பிடிக்கும் கை எவ்வாறு பயிற்றப்பட்டது, ஒருவர் கைக்கு வாய்த்த திறன் எவ்வாறு பலர் கைக்கும் உரியதாயிற்று என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. மிருக வைத்தியத்தின் ஒரு சிறு பகுதியாகிய முன்னங்கால் முறிவுச் சத்திரசிகிச்சையின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடையாக அமைகின்றது. பல நூற்றாண்டுகளாக, கால் முறிந்த குதிரைக்கு மரணமே மருந்தாயிருந்தது. அந்நிலையை மாற்றியது தனியொரு கருவியன்று. கைத்திறனை ஒழுங்கான கல்வியாக்கிய முயற்சியேயாகும்.

முன்னங்கால் தனித்து நோக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. நாயும் குதிரையும் அசையாது நிற்கும்போது உடற்பாரத்தின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினை முன்னங்கால்களே தாங்குகின்றன. மனிதனுக்குள்ளது போன்ற காறையென்பு இவற்றில் முன்னங்காலை உடலுடன் பிணைப்பதில்லை. தசைகளாலேயே அது நெஞ்சுக்கூட்டிலிருந்து தொங்குகின்றது. தோட்பட்டை என்பு, புயவென்பு, ஆரை, அரந்தி என்பன இத்தொங்குபாலத்தின் தூண்கள். ஆரையின் கீழ்ப்பகுதியிலோ தசைப்போர்வை இல்லையென்றே கூறலாம். தசை குறைந்தவிடத்துக் குருதியோட்டமும் குறையும். குருதி குறைந்தவிடத்து என்பு பொருந்துதல் அரிது. உருவிற் சிறிய நாய்கள் கைகளிலிருந்தும் இருக்கைகளிலிருந்தும் குதித்து முறித்துக்கொள்வது பெரும்பாலும் இவ்விடத்தையே. பார்வைக்குச் சிறிதாய்த் தோன்றும் இம்முறிவு, வெறுங்கட்டினால் மட்டும் கட்டப்பட்டபோது பொருந்தாது நின்று வைத்தியரைப் பன்முறை நாணச் செய்தது.

மிருகங்களின் நோயைப் பற்றிய நூல்கள் உரோமர் காலத்திலேயே தோன்றிவிட்டன. வெஜீற்றியஸ் என்பார் இலத்தீன் மொழியிற் குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின் வைத்தியத்தைத் தொகுத்தெழுதினார். எனினும் அத்தொழில் நெடுங்காலம் இலாடம் அடிப்போரிடமும் குதிரை காப்போரிடமுமே தங்கியிருந்தது. தந்தை மகனுக்கும் ஆசான் ஏவலாளனுக்கும் காட்டிக்கொடுத்த அளவே அக்கல்வியின் எல்லை. 1761ஆம் ஆண்டிற் பிரான்சிய அரசின் ஆணை பெற்று, 1762ஆம் ஆண்டில் லியோன் நகரிலே குளோட் பூர்ஜெலா என்பார் திறந்த கலாசாலையே உலகின் முதலாவது மிருக வைத்தியக் கலாசாலை. சட்டத்துறையிற் பயின்று பின் குதிரையேற்றப் பள்ளியொன்றின் தலைவரான இவர், குதிரையின் உடலமைப்பைக் கீறியறிந்தே கற்பிக்கவேண்டுமென்று வற்புறுத்தினார். 1765ஆம் ஆண்டில் பாரிசுக்கு அண்மையிலுள்ள அல்ஃபோரிலும், 1791ஆம் ஆண்டில் இலண்டனிலும் கலாசாலைகள் தோன்றின. அங்கு பயின்றோர் என்புகளின் பெயரையும் இருப்பையும் நன்கறிந்தனர். ஆயினும் முறிந்த என்பைப் பொருத்தும் வழி அவர்களுக்குப் புலப்படவில்லை. அறிவு வளர்ந்தது, கை முன்போலவே நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மூன்று தடைகளை அகற்றியது. 1846ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலே ஈதரைக் கொண்டு நோயாளியை உணர்விழக்கச் செய்து சத்திரசிகிச்சை நிகழ்த்திக் காட்டப்பட்டமையால் வலியென்னும் தடை நீங்கிற்று. 1867ஆம் ஆண்டில் யோசேப்பு லிஸ்ரர் வெளியிட்ட கட்டுரைகள் புண் அழுகலென்னும் தடையை நீக்க வழிகாட்டின. தோல் கிழிந்து வெளிப்பட்ட என்பு முறிவுகளிலேயே அவர் தம் முறையை முதலிற் சோதித்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1895ஆம் ஆண்டில் றொண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர், தோலைக் கீறாமலே முறிவைக் காணச் செய்து மூன்றாம் தடையை அகற்றியது.

இப்பேறுகள் மனிதனுக்குக் கிட்டிய விரைவில் மிருகத்துக்குக் கிட்டவில்லை. மிருகங்களுக்குச் சில சத்திரசிகிச்சைகளைச் செய்யும்போது உணர்வகற்றும் மருந்து கொடுத்தல் வேண்டுமென்று பிரித்தானியச் சட்டம் விதித்தது 1919ஆம் ஆண்டிலேயே. அன்றியும், மிருகத்தின் இயல்பே ஒரு தடையாயிற்று. கால் முறிந்த மனிதனை ஆறு கிழமை படுக்கையிற் கிடக்கும்படி பணிக்கலாம். அவன் காரணமறிந்து கிடப்பான். நாய்க்கு அக்காரணத்தை உரைப்பவர் யார்? கட்டிய சிம்பை அது கடித்தெறியும். பரிசுச் சாந்துக் கட்டினை நக்கி நனைத்துத் தளர்த்தும். குதிரையோ நெடுநாள் படுத்திருக்க மாட்டாது. ஒரு காலைத் தூக்கி நின்றால் அதன் பாரமும் மற்றைக் காலின் மீது ஏறி, அக்குளம்பினுள் அழற்சியை உண்டாக்கி, நல்ல காலையும் கெடுத்துவிடும். ஆகவே மிருகத்துக்கு வேண்டியது, முறிந்த காலை அன்றே ஊன்ற இடமளிக்கும் சிகிச்சை. மனித வைத்தியம் பின்னர் விரும்பித் தேடிய அவ்விலக்கு, மிருக வைத்தியத்தில் தொடக்கத்திலேயே தவிர்க்கவொண்ணாத தேவையாயிருந்தது.

இத்தேவையிலிருந்தே அமெரிக்க மிருக வைத்தியர் ஒற்றோ ஸ்ரேடரின் கருவி பிறந்தது. பென்சில்வேனியா மாநிலத்து ஆட்மோர் என்னுமூரில் தொழில் புரிந்த அவர், 1930ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய அமைப்பை உருவாக்கினார். முறிவின் மேலும் கீழும் என்பினுள் உலோக ஊசிகளைச் செலுத்தி, காலுக்கு வெளியே நிற்கும் அவற்றின் முனைகளை நீட்டவும் குறுக்கவும் கூடிய சட்டத்தினால் இணைப்பதே அவ்வமைப்பு. என்பு நேராக்கப்பட்டு அசையாது நிற்கும். மூட்டுகள் கட்டுண்ணாமையால் நாய் நடந்து திரியும். இதனையொத்த அமைப்புகளை மனிதரிடத்து அமெரிக்கரான பார்க்ஹில், பெல்ஜியரான லம்பொற் முதலியோர் முன்னரே முயன்றிருந்தனர். எனினும் ஸ்ரேடரின் அமைப்பைக் கண்ட நியூயோர்க் சத்திரவைத்தியர் அதனை மனிதருக்கு ஏற்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரும் அதனைக் கையாண்டனர். நாயின் காலுக்கென ஆக்கப்பட்ட கருவி மாலுமியின் காலைத் தாங்கியது. வைத்தியம் மனிதனிடமிருந்து மிருகத்துக்கு இறங்கி வருவதொன்றென எண்ணுவோர்க்கு இஃதொரு நல்ல மறுமொழி.

ஆயினும் ஸ்ரேடரின் வெற்றி முழுமையானதன்று. ஊசியைச் செலுத்தும் இடம், சாய்வு, ஆழம், வேகம் ஆகிய யாவும் செய்பவரின் பழக்கத்தைச் சார்ந்தன. துளைக்கும் வேகம் மிகுந்தால் வெப்பத்தினால் என்பு இறக்கும். இறந்த என்பில் ஊசி தளரும். தளர்ந்த ஊசியின் வழியே சீழ் பிடிக்கும். ஆக்கியோன் கையில் நன்கு பயன்பட்ட முறை, பயிலாதார் கையில் தீங்கு விளைத்தது. தீங்கு நேர்ந்தபோது பழி முறையின்மேற் சுமத்தப்பட்டதேயன்றி, பயிற்சியின்மைமேற் சுமத்தப்படவில்லை. என்பைத் திறந்து பொருத்தும் சத்திரசிகிச்சை அனைத்தும், மனிதரிடத்தும் மிருகத்திடத்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தகைய ஐயத்துக்குள்ளாகியே நின்றது.

இவ்வையத்தைத் தீர்க்க முனைந்தவர் சுவிற்சர்லாந்தின் சத்திரவைத்தியர் சிலர். பெல்ஜிய நாட்டு றொபேர் டனிஸ் என்பார் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, முறிந்த என்பின் இரு முனைகளையும் தகட்டினால் நெருக்கி அசையாது நிறுத்தினால், முறிவைச் சுற்றிப் புதிய என்புத் திணிவு திரளாமலே அவை நேரடியாக ஒன்றும் என்று கூறியிருந்தார். அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் சென்று அவரைக் கண்ட மொரிஸ் முல்லர் என்னும் இளைஞர், 1958 நவம்பர் 6ஆம் நாள் பீல் நகரிலே அல்கோவர், வில்லெனெகர், சினைடர் முதலியோருடன் கூடி ஒரு குழுவை நிறுவினார். என்பிணைப்பு ஆய்வுக்கான அக்குழு, தன் ஜேர்மன் பெயரின் முதலெழுத்துகளால் ஏ.ஓ. என வழங்கலாயிற்று. 1959ஆம் ஆண்டில் டாவோஸ் என்னும் மலைநகரில் அதற்கோர் ஆய்வுகூடமும் அமைந்தது. என்பை அதன் இயற்கையான வடிவுக்கு மீட்டல், உறுதியாகப் பிணித்தல், குருதியோட்டத்தைப் பேணல், மூட்டை விரைவில் இயங்கச் செய்தல் என்னும் நான்கும் அக்குழுவின் கோட்பாடுகளாயின.

டனிஸின் கூற்று உண்மையென மெய்ப்பித்த சான்று நாயின் முன்னங்காலிலிருந்தே கிடைத்தது. 1963ஆம் ஆண்டில் ஷெங்க், வில்லெனெகர் ஆகிய இருவரும், நாய்களின் ஆரையைக் குறுக்கே வெட்டி, தகட்டினால் நெருக்கிப் பிணித்து, பொருந்திய என்பின் மென்வெட்டுகளை நுணுக்குக்காட்டியிற் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். நுண்ணிய என்புக் குழல்கள் வெட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேரே கடந்து சென்று இரு துண்டுகளையும் தைத்தாற்போல் ஒன்றாக்கியிருந்தன. அக்காட்சியின் பின் தகட்டு முறையை வெறும் துணிச்சலென்று ஒதுக்குதல் இயலாததாயிற்று. மனிதரின் முறிந்த கைகால்களை நிமிர்த்திய ஒரு பெரும் முறைமையின் அடிக்கல், பெயரறியா நாய்கள் சிலவற்றின் முன்னங்காலின்மீது நாட்டப்பட்டதென்பது வரலாற்றுண்மை. இவ்வுண்மை பெருமைக்கு மட்டுமன்றிக் கடப்பாட்டுக்கும் உரியது.

ஏ.ஓ. குழுவின் தனிச்சிறப்பு, தான் கண்டதைக் கற்பிக்கும் வழியையும் உடன் கண்டமையாகும். 1960 டிசெம்பரில் டாவோசில் முதலாவது பயிற்சி வகுப்பு நடைபெற்றது. அக்காலத்துச் சத்திரவைத்திய மாநாடுகளிலே பேரறிஞர் பேச ஏனையோர் கேட்பதே மரபு. டாவோசிலோ பெயர்பெற்ற சத்திரவைத்தியரும் இளைஞருடன் மேசையருகில் நின்று, என்பிலே தம் கையாற் துளையிட்டு, ஆழம் அளந்து, புரி வெட்டி, திருகாணி முறுக்கிப் பழகினர். பிழைத்தால் மீண்டும் செய்தனர். நோயாளியின் உடலில் நிகழக்கூடிய பிழையை மேசையின்மேல் நிகழ்த்தித் திருத்திக்கொள்வதே அக்கல்வியின் உட்பொருள். ஒவ்வொரு சிகிச்சையின் பயனையும் பதிவுசெய்து ஒப்புநோக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தது. இவ்விரண்டினாலும், ஒருவர் கையில் மட்டும் வெற்றி தரும் வித்தையாயிருந்தது, பலர் கற்றுப் பலர் சோதிக்கும் கலையாயிற்று.

மிருக வைத்தியரும் இக்கல்வியை நாடினர். 1969ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் வால்டென்பூர்க் என்னுமிடத்தில் ஏ.ஓ. குழுவின் மிருக வைத்தியக் கிளை நிறுவப்பட்டது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலே, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியருக்கான பயிற்சி வகுப்பு நடைபெற்றது. அதற்குரிய நிலம் அங்கு முன்னரே பண்பட்டிருந்தது. மிருகச் சத்திரசிகிச்சையைத் தனித்துறையாக்கிப் பல்லாண்டுப் பயிற்சியையும் தேர்வையும் விதிக்கும் அமெரிக்கக் கல்லூரி 1965ஆம் ஆண்டில் அமைந்தது. தசைகளை வீணே அறுக்காமல் நாய், பூனை ஆகியவற்றின் ஒவ்வோர் என்பையும் அடையும் வழியைப் படங்களாற் காட்டும் பியர்மத்தேயி, கிறீலி ஆகியோரின் நூல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரோப்பாவில் இத்தகைய கல்லூரி தோன்றியது 1991ஆம் ஆண்டில்.

முன்னங்கால் முறிவுக்கான உயர்நிலைப் பயிற்சியிற் கற்பிக்கப்படுவன யாவை என்பதும் நோக்கற்பாலது. முதற்பாடம் அணுகும் வழி. புயவென்பின் பின்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் சுற்றி இறங்கும் ஆரை நரம்பு அறுபட்டால், என்பு பொருந்தினும் கால் நிமிராது. அது பயனற்றுத் தொங்கும். பூனையிலோ முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே புயவென்பிலுள்ள சிறு துளையொன்றின் ஊடாக வேறொரு நரம்பு செல்கின்றது. நாயின் காலில் நன்கு தேர்ந்தவரும் பூனையின் காலில் இதனை மறப்பாராயின் ஊசியை அந்நரம்பினூடே செலுத்திவிடுவர். இரண்டாம் பாடம் மூட்டினுட் சென்ற முறிவு. குட்டி நாய்கள் குதிக்கும்போது புயவென்பின் கீழ்முனையின் வெளிப்பாதி பிளந்து பிரிவதுண்டு. மூட்டின் வழவழப்பான பரப்பு மயிரிழை பிசகினும் அது நாளடைவில் தேய்ந்து வலிக்கும். ஆகவே, பிரிந்த துண்டை இழுத்து நெருக்கும் வகையில் அமைத்த திருகாணியினால் அப்பரப்பு சிறிதும் படிவிடாமல் பிணிக்கப்படுதல் வேண்டும்.

மூன்றாவது, சிறிய நாய்களின் ஆரை. இங்கு தகடு மெலிந்தால் வளையும். தடித்தால் பாரமனைத்தையும் தானே தாங்கி என்பை மெலியச் செய்யும். அளவறிந்து தேர்தலே வித்தை. நான்காவது, வளரும் குட்டிகளின் அரந்தி. அதன் கீழ்முனையிலுள்ள வளர்ச்சிப் படலம் அடிபட்டு நின்றுவிட, அருகிலுள்ள ஆரை தொடர்ந்து வளருமாயின் கால் வில்லாக வளையும். முறிவு ஆறிய பின்னரும் வைத்தியர் கண்ணை எடுக்கலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இவை நூலிற் படித்த அளவில் கைவந்துவிடுவன அல்ல. செயற்கை என்பிலும், இறந்த விலங்கின் காலிலும் பயின்று, பின்னர் ஆசிரியர் அருகில் நிற்கச் செய்து பழகிய கைக்கே இவை வசமாகும்.

பயிற்சி வளர்ந்த பின்னரும் எல்லைகள் இல்லாமற் போகவில்லை. 1975 ஜூலை 6ஆம் நாள், நியூயோர்க்கை அடுத்த பெல்மொன்ற் பந்தயத் திடலிலே றஃபியன் என்னும் மூன்றாண்டுப் பெண்குதிரை ஓடிற்று. அதற்கு முன் ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்ற குதிரை அது. ஓட்டத்தின் நடுவே அதன் வலது முன்னங்காலில், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறத்தில் எள்ளின் பெயர் பெற்ற சிறிய என்புகள் இரண்டும் நொறுங்கின. செலுத்தியோன் நிறுத்த முயன்றும் அது மேலும் ஓடிற்று. அன்றிரவு சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஆனால் மயக்கம் தெளிந்தபோது, இன்னும் பந்தயத்தில் ஓடுவதாகவே எண்ணினாற்போல அது கால்களை உதைத்து அடித்துக்கொண்டது. பிணித்த கால் மீண்டும் சிதைந்தது. மறுநாள் விடியுமுன் அதன் துன்பம் மருந்தினால் முடிக்கப்பட்டது.

கத்தியை வைத்தவுடன் சிகிச்சை முடிவதில்லை. மிருகம் கண்விழித்து எழும் நேரமும் சத்திரவைத்தியத்தின் பகுதியே என்பதை இந்நிகழ்ச்சி உலகறியச் செய்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்ற்றன் நிலையத்தில், சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஜெனி என்னும் சத்திரவைத்தியரின் எண்ணத்தில் உருவான நீர்த்தொட்டி இதற்கொரு விடையாயிற்று. உணர்விழந்த குதிரையை ஏந்திக் கால்களுக்குறையுள்ள தெப்பமொன்றில் வைத்து வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடுவர். அது விழித்து உதைத்தாலும் நீரைத்தவிர வேறொன்றும் தடுக்காது. தெளிந்த பின்னரே தூக்கி நிறுத்துவர். 2006 மே 20ஆம் நாள் பந்தயத்திற் பின்னங்கால் சிதைந்த பார்பரோ என்னும் குதிரை, தகட்டினாலும் 27 திருகாணிகளாலும் பிணிக்கப்பட்டு இத்தொட்டியிலேயே கண்விழித்தது. எட்டு மாதம் அது உயிர் வாழ்ந்தது. எனினும், மற்றைக் கால்களின் குளம்புகளில் உண்டான அழற்சியினால் 2007 ஜனவரி 29ஆம் நாள் அதற்கும் விடைகொடுக்க நேர்ந்தது. றஃபியனை வீழ்த்திய தடை கடக்கப்பட்டது. அதற்கப்பால் நின்ற தடை கடக்கப்படவில்லை.

இதிலிருந்து பெறப்படும் மற்றொரு பாடம், எதனைச் செய்தல் வேண்டும் என்பதோடு எதனைச் செய்யாது விடல் வேண்டும் என்பதையும் உயர்ந்த பயிற்சி கற்பிக்கின்றது என்பதாம். நாய் மூன்று காலில் நன்கு வாழும். ஆகவே சிலவிடத்துக் காலை அகற்றுதலே அருளாகும். ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கோ அவ்வழி அரிது. சிகிச்சையின் செலவும் பலருக்கு எட்டாததாகவே உள்ளது. சேர்த்து வைக்கக்கூடிய கால், பொருளின்மையால் அகற்றப்படுவதும் உண்டு. இந்நிலையில், சிகிச்சையின் பயனையும் துன்பத்தையும் சீர்தூக்கி, தன் கைத்திறனைக் காட்டும் ஆசைக்கு இடங்கொடாது மிருகத்தின் நலனையே நோக்கித் தீர்மானிப்பது, திருகாணி முறுக்குவதிலும் அரிய திறனாகும்.

1762ஆம் ஆண்டில் லியோனில் தொடங்கிய கல்வி, மிருகத்தின் உடலை அறியக் கற்பித்தது. 1960ஆம் ஆண்டில் டாவோசில் தொடங்கி, பத்தாண்டுகளில் மிருக வைத்தியரையும் எட்டிய கல்வி, அவ்வறிவைக் கைக்கு இறக்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில், கலாசாலைகளிற் கற்றுத் தேர்ந்தோரின் கண்முன்னே, கால் முறிந்த குதிரைகள் சுடப்பட்டன. அறிவிருந்தும் பயிற்சியில்லாத காலத்தின் விலை அது. மனிதரின் முறிவுகள் பொருந்தும் விதத்தை மெய்ப்பிக்க நாய் தன் முன்னங்காலைக் கொடுத்தது. அதனைக் கேட்டுப் பெற்றவர் எவருமிலர். இன்று அந்நாயினத்தின் கால் ஒன்று முறியும்போது அதைச் செப்பனிட வல்ல கைகளை ஆயத்தஞ் செய்தல், கருணையென்று கூறுவதிலும் கடன் தீர்த்தலென்று கூறுவதே பொருந்தும்.